புலம்ப இடம் கொடுத்த விசுவாசம்

1931-இல் திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டில் ஏமி கார்மைக்கேல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடப்பட இருந்த பெண்குழந்தைகளையும் நாதியற்ற பிள்ளைகளையும் முப்பது ஆண்டுகளாக டோனாவூரில் வளர்த்துவந்த 'அம்மா' அவர். மாட்டுவண்டியிலும் நடையிலும் ஊர் ஊராக அலைந்த அந்த வாழ்க்கை அன்றோடு முடிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான் கழித்தார்.

படுக்கையில் கிடந்தவருக்கு ஆறுதல் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் பல அவர் மனத்தில் ஒட்டவில்லை. ஏன் என்று யோசித்தபோது, அவை நோயாளிகளுக்காக ஆரோக்கியமானவர்கள் எழுதியவை என்பது பிடிபட்டது. வலி தெரியாதவர்கள் வலியின் பயனைப் பற்றிச் சொல்வது அவர் காதில் ஏறவில்லை. அதனால் நோயாளியாக இருந்துகொண்டே நோயாளிகளுக்கு எழுத ஆரம்பித்தார். அந்த எழுத்துகளிலிருந்து உருவானது 1933-இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூல்.

கிறிஸ்தவ விசுவாசத்தில் மிகப் பழைய கேள்வி ஒன்றின் நரம்பை அந்த அம்மையாரின் முறைப்பாடு தொட்டுவிடுகிறது. உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது, பொறுமை முதிர்ச்சியைத் தருகிறது என்ற கருத்தைப் பவுல் ரோமருக்கு எழுதினார். யாக்கோபும் அதையே வேறு சொற்களில் சொன்னார். பேதுருவின் நிருபம் நெருப்பில் புடமிடப்படும் பொன்னைப் பேசியது. பிரசங்க பீடத்திலும், துக்கவீட்டின் திண்ணையிலும், ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் இந்த வசனங்கள் இன்றுவரை ஒலிக்கின்றன. ஆனால் துன்பம் உண்மையிலேயே மனிதரை வளர்க்கிறதா? அப்படியானால் அதே துன்பம் பலரை நொறுக்கிப் போட்டுவிடுவது ஏன்? இந்த விசுவாசத்துக்குள் எழுதப்பட்ட சாட்சிகளைப் பொறுமையாக வாசிக்கிறவருக்கு ஒன்று புலப்படும். பாடுகளின் வழியே ஆழம் கண்டவர்களில் மிகப் பலர், முதலில் கடவுளிடமே மனம்விட்டு முறையிட்டவர்கள். அந்த முறையீட்டைத் தடுக்காமல் யாரோ ஒருவர் அவர்கள் அருகில் இருந்திருக்கிறார். முறையீட்டை அடக்கிவிட்டு முதிர்ச்சியை மட்டும் எதிர்பார்த்த சபைகள் ஆறுதலைத் தரவில்லை, காயத்தைத்தான் ஆழமாக்கின.

யோபுவின் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகளையும் ஆஸ்தியையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கதையில் அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்த பிறகு எல்லாம் கெட்டுப்போகிறது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், தேவன் உன்னைச் சிட்சித்துத் திருத்துகிறார், மனந்திரும்பு என்று பல அதிகாரங்களுக்கு நீளும் உபதேசம். யோபு அதை ஏற்க மறுக்கிறான். பிறந்த நாளைச் சபிக்கிறான். தேவனை வழக்குக்கு இழுக்கிறான். அவனுடைய பொறுமையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு அதிகாரங்களோடு நின்றுவிடுகிறார்கள். கடைசி அதிகாரத்தில்தான் தீர்ப்பு இருக்கிறது. தேவனைக் காப்பாற்றப் பேசிய சிநேகிதர்கள்மேல் தேவனுக்கே கோபம் வருகிறது. அவரோடு வாதாடிய யோபு சரியாகப் பேசினான் என்கிறார். சிநேகிதர்களுக்காக யோபுதான் வேண்டுதல் செய்ய வேண்டியிருக்கிறது. ஆறுதல் சொல்லும் ஊழியத்துக்கு வேதத்தில் இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறில்லை.

சங்கீதங்களும் இதே பக்கம்தான் நிற்கின்றன. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள். அவற்றில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடிகின்றன. 88-ஆம் சங்கீதம் அப்படி முடியவில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் நம்பிக்கையான ஒரு கடைசி வரியைச் சேர்த்து 'சரி'செய்யவில்லை. எருசலேமின் அழிவுக்குப் பின் பிறந்த புலம்பல் புத்தகமும் அப்படியே காக்கப்பட்டது. சிலுவையில் இயேசுவே கைவிடப்பட்டவரின் குரலில் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக் கூவினார் என்று மாற்குவும் மத்தேயுவும் பதிவுசெய்திருக்கிறார்கள். பெரிய வெள்ளியன்று தமிழ்ச் சபைகளில் நடக்கும் மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளில் நாலாவதாகத் தியானிக்கப்படுவது அந்தக் கூக்குரல்தான்.

அந்தக் கூக்குரலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓர் இறையியலையே கட்டினார். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் வான்குண்டுகளால் எரிந்தபோது யுர்கன் மோல்ட்மன் விமான எதிர்ப்புப் படைப்பிரிவில் இருந்த பதின்ம வயதுப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறினான், இவர் பிழைத்தார். மதப்பற்று அதிகமில்லாத வீட்டில் வளர்ந்தவர். பிறகு போர்க்கைதியாகப் பெல்ஜியத்திலும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் முகாம்களில் கிடந்தபோது, ஒருவர் தந்த வேதாகமத்தில் முறையீட்டுச் சங்கீதங்களைப் படித்தார், அதன்பின் மாற்குவின் சிலுவைக் காட்சியைப் படித்தார். தன் நிலையை அறிந்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்று அவருக்குப் பட்டது. 1972-இல் ஜெர்மனியில் வெளிவந்த 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற அவருடைய நூல், கடவுள் துன்பத்துக்கு வெளியே பாதுகாப்பாக இருப்பவர் என்ற பழைய எண்ணத்தை மறுத்தது. துன்பத்துக்கு விளக்கம் தேடியவருக்குக் கிடைத்தது துணை. விளக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

கத்தோலிக்க மரபு இந்தத் துணையை வேறொரு கோணத்தில் புரிந்துகொண்டது. தன் வலியைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பது அதன் மையம். 1981 மே 13-இல் சுடப்பட்டுப் பிழைத்த போப் இரண்டாம் ஜான் பால், துன்பத்தின் மீட்புப் பொருள் பற்றி 1984 பிப்ரவரியில் ஒரு திருத்தூது மடல் எழுதினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சிறைக்குப் போய்த் தன்னைச் சுட்டவரைச் சந்தித்துவிட்டு வந்திருந்தார். அந்த மடலில் நல்ல சமாரியனின் உவமைக்கு அவர் ஒதுக்கிய இடம் கவனிக்கத்தக்கது. துன்பத்தைச் சுமப்பதைப் பேசிய அதே வேகத்தில், பிறர் துன்பத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போகாதிருப்பதையும் பேசினார். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது அவருக்குச் சரியாகப் படவில்லை.

இந்த மரபுக்குள்ளேயே இன்னொரு நீரோட்டம் உண்டு. 1577 டிசம்பரில் சிலுவையின் யோவானை அவருடைய சொந்தச் சபைத் துறவிகளே பிடித்துக்கொண்டு போய்த் தொலேதோவில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். அவர் ஆதரித்த சீர்திருத்தம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கிட்டத்தட்ட ஒன்பது மாதம் பசியும் சவுக்கடியும். அந்த அறையில் அவர் கவிதை இயற்றினார். 1578 ஆகஸ்டில் தப்பினார். பின்னாளில் ஆன்மாவின் 'இருண்ட இரவு' என்று அவர் விளக்கியது சாதாரணச் சோகம் அல்ல. ஜெபத்தின் இனிமையும் கடவுள் அருகிலிருக்கும் உணர்வும் அற்றுப்போகும் காலம். உணர்வு போன பிறகும் அன்பு நிற்குமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது உலகம் திடுக்கிட்டது. கல்கத்தாவில் ஏழைகளுக்கான பணியைத் தொடங்கிய காலத்திலிருந்தே, இடையில் 1958-இல் கிடைத்த சிறு இளைப்பாறுதலைத் தவிர, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த வெறுமை அவருக்குள் இருந்திருக்கிறது. சிலர் இதைப் போலித்தனம் என்றார்கள். அது நியாயமான வாசிப்பாகத் தெரியவில்லை. தன் ஆன்ம வழிகாட்டிகளிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. இருளை இருள் என்றே எழுதினார். அப்படிச் சொல்வதற்கு அவருக்கு ஆட்கள் இருந்தார்கள்.

சொல்ல ஆள் இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதற்கு சிகாகோவின் ஸ்பாஃபர்ட் குடும்பம் சாட்சி. ஹொரேஷியோ ஸ்பாஃபர்ட் வழக்கறிஞர். 1871-இல் நகரம் எரிந்தபோது சொத்தில் பெரும்பகுதி போயிற்று. 1873 நவம்பரில் 'வில் து ஆவ்ர்' என்ற கப்பல் அட்லாண்டிக்கில் மோதி மூழ்கியபோது நான்கு மகள்களும் இறந்தார்கள்; மனைவி அன்னா மட்டும் பிழைத்தார். அந்த இழப்பிலிருந்து ஹொரேஷியோ எழுதிய பாடல் உலகெங்கும் பல சபைகளில் பாடப்படுகிறது. கதையை அநேகமாக எல்லோரும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ச்சி அதிகம் பேசப்படுவதில்லை. 1880-இல் அவர்களுடைய சின்ன மகனும் காய்ச்சலில் இறந்தான். இத்தனை சாவுக்கும் காரணம் தேவ தண்டனையாக இருக்குமோ என்ற பேச்சு சபைக்குள் எழுந்தது. எலிப்பாசின் வாதம் இருபத்தைந்து நூற்றாண்டுகள் கழித்து மறுபடி வந்துவிட்டது. குடும்பம் சபையைவிட்டு விலகி, 1881-இல் நண்பர்கள் சிலரோடு எருசலேமுக்குக் குடியேறியது. அங்கே அவர்கள் அமைத்த அமெரிக்கன் காலனி, முதல் உலகப்போர்க் காலத்தில் இஸ்லாமியர், யூதர், கிறிஸ்தவர் என்று பாராமல் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது. ஸ்பாஃபர்ட் 1888-இலேயே காலமாகிவிட்டார். பணியை நடத்தியவர் அன்னா.

வேலூரில் நடந்தது இந்த வரிசையில் தனியாக நின்று பார்க்க வேண்டிய கதை. அதன் வேர் கொல்லிமலையில் இருக்கிறது. அங்கே பணிசெய்த ஜெஸி பிராண்ட், ஈவ்லின் என்ற மிஷனரித் தம்பதிக்கு 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட். படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபோது, 1929-இல் தகப்பன் மலைக்காய்ச்சலில் இறந்த செய்தி வந்தது. விதவையான ஈவ்லின் பணியைக் கைவிடவில்லை. ஓய்வுபெறும் வயதில் மிஷன் அவரைத் திருப்பியழைத்தபோதும் சொந்தப் பொறுப்பில் மலைக்கே போய்விட்டார். குதிரைமேல் ஏறி மலை மலையாகச் சுற்றினார். எலும்பு முறிந்த பிறகும் சுற்றினார். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து அந்த மலையிலேயே அடக்கமானார்.

மகன் பால் பிராண்ட் 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைசிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை, நல்ல தசைநாண்களை இடம் மாற்றி விரிக்கும் சிகிச்சையை அங்கேதான் வளர்த்தெடுத்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக அதுவரை பலரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்தார். நரம்பு செத்து வலி தெரியாமல் போனதால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணிமேல் நடக்கிறார்கள், காயத்தைக் காயமென்று உணராமல் வேலை செய்கிறார்கள். தூக்கத்தில் எலி கடித்தாலும் விழிப்பதில்லை. அதற்காக வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு பூனையும் அனுப்பப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் செயற்கையாக வலியுணர்த்தும் கருவியைச் செய்யப் பார்த்தார். அபாய ஒலியையும் அதிர்ச்சியையும் நோயாளிகள் பொருட்படுத்தவில்லை, வேலைக்கு இடைஞ்சல் என்றால் இணைப்பையே எடுத்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. வலி யாருக்கும் வேண்டாத பரிசு என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து இந்த அனுபவத்திலிருந்து வந்தது. அதை மேடையில் எடுத்தாளுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிராண்ட் சொன்னது உடம்பின் எச்சரிக்கை மணியைப் பற்றி. மனிதர்கள் அனுபவிக்கும் வேதனையைக் குறைப்பதற்காகத்தான் அவர் வாழ்நாள் முழுதும் கத்தியைப் பிடித்தார்.

அவரிடம் வேலை செய்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், கொச்சியைச் சேர்ந்தவர். 1954-இல் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, முகத்திலும் ஆழமான காயம். முப்பது வயதுகூட நிறையவில்லை. இனி மருத்துவராக இருக்க முடியாது என்றுதான் அவரும் நினைத்தார். பிராண்ட் அவரிடம் துன்பத்தின் நோக்கத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. தொழுநோயாளிகளின் கையை உட்கார்ந்தபடியே அறுவைசிகிச்சை செய்யலாம், கற்றுக்கொள் என்றார். மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மற்றவர்களின் கைகளை விரித்துக்கொடுத்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைப் பொறுப்பேற்று வளர்த்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே வந்தார்கள். 1972-இல் பத்மஸ்ரீ. ஆனால் மேரிக்கு நடை திரும்பவில்லை. குணமானதைச் சொல்லும் சாட்சிகளையே கேட்டுப் பழகிய சபைகளில் இவருடைய சாட்சி அபூர்வமாகத்தான் ஒலிக்கிறது. பவுலும் தன் மாம்சத்து முள்ளை எடுத்துவிடும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டு, அது எடுக்கப்படாமலேயே வாழ்ந்தவர்.

ஆசீர்வாத உபதேசம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மிகக் கடினமான பாடம். விசுவாசம் இருந்தால் செல்வமும் சுகமும் நிச்சயம் என்று போதிக்கும் அமெரிக்கச் சபைகளைப் பற்றி 2013-இல் வரலாற்று நூல் எழுதியவர் டியூக் பல்கலைக்கழகத்தின் கேட் போலர். 2015-இல், முப்பத்தைந்து வயதில், அவருக்கே நான்காம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது என்ற ஆறுதலையும், தான் விரும்பி நம்பிய மற்றப் பொய்களையும் பற்றி 2018-இல் ஒரு நூல் எழுதினார். காரணத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களைவிட, சமைத்துக்கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூட இருந்தவர்கள்தான் அவரைத் தாங்கினார்கள்.

சி.எஸ். லூயிஸின் வாழ்க்கையில் இந்த இரண்டு குரல்களும் ஒரே ஆளிடம் கேட்கின்றன. 1940-இல் அவர் எழுதிய 'வலியின் சிக்கல்' தெளிவான, தர்க்கம் பிசகாத நூல். 1960 ஜூலையில் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த துக்கக் குறிப்புகளில் அந்தத் தெளிவு நொறுங்கிக் கிடக்கிறது. கோபமும் சந்தேகமும், கடவுள் எப்படிப்பட்டவர் என்ற பயமும் பக்கத்துக்குப் பக்கம். சொந்தப் பெயரில் வெளியிட அவருக்கு மனம் வரவில்லை, என்.டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில்தான் வந்தது. முதல் நூலை மாணவர்கள் மேற்கோளுக்குப் படிக்கிறார்கள். துணையை இழந்தவர்கள் தேடிப் படிப்பது இரண்டாவதை.

துன்பத்தால் வளர்ச்சி என்பதை உளவியலாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் இருவரும் 1990-களில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி' என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1996-இல் அவர்கள் வெளியிட்ட 21 கேள்விகள் கொண்ட அளவுகோலில் ஆன்மீக மாற்றமும் ஒரு பிரிவு. பெரிய இழப்புக்குப் பிறகு உறவுகளின் அருமையும் விசுவாசத்தின் ஆழமும் கூடியதாகப் பலர் பதில் சொன்னார்கள். பிரசங்கிகளுக்கு இது இனிப்பான செய்தி. ஆனால் 2009-இல் பேட்ரிஷியா ஃபிரேஸியரும் உடன் ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களைத் துயரச் சம்பவத்துக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். வளர்ந்துவிட்டதாக அவர்கள் சொல்லிக்கொண்டதற்கும் அளவீட்டில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய தொடர்பு காணப்படவில்லை. 'வளர்ந்தேன்' என்று சொல்வது சில வேளை வலியைத் தாங்கிக்கொள்ளும் வழி மட்டுமே.

கென்னத் பார்கமென்ட் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கனமானது. மருத்துவமனையில் சேர்ந்திருந்த 55 வயதைக் கடந்த நோயாளிகள் ஏறக்குறைய அறுநூறு பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கடவுள் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்ற போராட்டத்தில் சிக்கியிருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, உடல்நிலை முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. விசுவாசம் துன்பத்தில் மருந்தாகவும் இருக்கும், கூடுதல் பாரமாகவும் ஆகும் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொன்ன ஆய்வு குறைவு. 'இது தேவன் தந்த சிட்சை' என்று கட்டிலருகே நின்று சொல்லிவிட்டுப் போகிறவர் தன் சொல்லின் எடையை அறிந்திருக்க வேண்டும்.

அந்த எடையைச் சிலர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்திருக்கிறார்கள். அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போய்ச் 'சிலுவையைச் சுமந்துகொள்' என்று பெண்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனையைப் பற்றி ஜோன் கார்ல்சன் பிரவுனும் ரெபெக்கா பார்க்கரும் 1989-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் கடுமையாக எழுதினார்கள். துன்பத்தையே புனிதமாக்கும் போதனை, அடிக்கிறவனுக்குத்தான் துணைபோகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அவர்களுடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்காத இறையியலாளர்களும் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியவில்லை. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் கற்பித்த அரவிந்த் நிர்மல் 1980-களில் தலித் இறையியலுக்கு வித்திட்டபோது, ஏசாயா 53-இன் துன்புறும் ஊழியனில் தலித்தின் முகத்தைக் கண்டார். அது அடங்கிப்போகச் சொன்ன அழைப்பு அல்ல. மிதிக்கப்பட்டவர்களின் பக்கம் கடவுள் நிற்கிறார் என்ற உரிமைக் குரல். மதுரை அரசரடியில் இறையியல் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று மாணவர்கள் பிரியமாக அழைத்தவர், நாட்டார் மெட்டையும் பேச்சுத்தமிழையும் ஆராதனைக்குள் கொண்டுவந்து, சேரி மக்களின் வலிக்கும் கோபத்துக்கும் அங்கே இடம் ஏற்படுத்தினார்.

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இது புதிதும் அல்ல. டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த இலங்கைக்கு 1705-இல் கோவாவிலிருந்து வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினார். ஒளிந்து வழிபட்ட மக்களுக்குக் கிறிஸ்துவின் பாடுகளை ராகத்தோடு அழுது வாசிக்கும் நூல் ஒன்று கிடைத்தது. தவக்காலத்தில் அதை இன்றும் ராகமிட்டு வாசிக்கும் ஊர்கள் உண்டு. துள்ளிசை ஆராதனைகளின் காலத்தில் அந்தப் பழக்கம் மங்கிவருவது வருத்தத்துக்குரியது. துக்கத்தோடு ஆலயத்துக்கு வருகிறவர் தன் குரலைக் கேட்கும் இடம் குறைகிறது.

துக்கத்தைக் கேட்காமல் கடந்துபோகும் இதே அவசரம் மன்னிப்பைப் பற்றிய பேச்சிலும் தலைகாட்டும். 1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பத்து வயது பிலிப்பும் ஆறு வயது திமோத்தியும் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். கிரகாமின் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். நாடே அந்தச் சொல்லை நினைவில் வைத்திருக்கிறது. அவர் மகளோடு பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளிகளின் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தியதும், 2004-இல் அங்கே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வழக்கும் நிற்கவில்லை, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள்தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிசெய்தது. மன்னிப்பு அவருடைய முடிவு, விசாரணை அரசின் கடமை. இரண்டும் ஒன்றையொன்று ரத்துசெய்யவில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பழிவாங்கலுக்கு இறங்காதபடி மக்களைக் கேட்டுக்கொண்ட கர்தினால் மல்கம் ரஞ்சித், பின்வந்த ஆண்டுகளில் உண்மை வெளிவர வேண்டும் என்று அரசை ஓயாமல் நெருக்கினார். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழந்தவர்கள் கேட்ட 'ஏன்' ஜெபத்திலும் எழுந்தது, நீதிமன்றத்திலும் எழுந்தது.

முறையிடுகிறவர்களோடு சபை கூட இருக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்று காட்டியவர், தன் மனமே உடைந்துபோன ஒருவர். அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன், ஆலிஸ் என்ற பெண்ணைப் பல்லாண்டு காதலித்து ஏற்கப்படாமல் போனவர். 1920-இல் கடும் மனச்சிதைவோடு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அங்கே மருத்துவர்களும் போதகர்களும் நோயாளியின் அனுபவத்துக்குக் காதுகொடுக்காததைக் கண்டார். தேறிய பிறகு, 1924-இல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மீகப் பணியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே வரவழைத்தார். அவர்கள் வார்டில் பணியாளர்களாக வேலை செய்துகொண்டே நோயாளிகளிடமிருந்து கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோய் 1930-இலும் 1935-இலும் பாய்சனுக்குத் திரும்ப வந்தது; ஒவ்வொரு முறையும் தேறி வேலைக்குத் திரும்பினார். 1965-இல் இறக்கும்போது அவர் தொடங்கிய பயிற்சி பல நாடுகளில் வேரூன்றியிருந்தது. வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் அத்தகைய பயிற்சி நடக்கிறது.

அந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் நோயாளியைச் சந்தித்துவிட்டு வந்து, இருவரும் பேசியதை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து அதை வாசிக்கிறார்கள். நோயாளி அழத் தொடங்கியபோது மாணவர் பேச்சை மாற்றினாரா, கடவுள்மேல் கோபமாகப் பேசியபோது உடனே ஒரு வசனத்தை எடுத்தாரா, யாருடைய சங்கடத்தைத் தீர்க்க அந்த ஜெபம் அவ்வளவு சீக்கிரம் சொல்லப்பட்டது என்று கேட்கிறார்கள். மறுநாள் அந்த மாணவர் மறுபடி அதே வார்டுக்குப் போகிறார்.